பழைய ஃபோர் வீல் வண்டி: அடிப்பகுதிக் கேள்விகளும் பதில்களும்

பினாங்குத் தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் வந்த கேள்விகளில் 80களிலும் 90களிலும் ஓடத் தொடங்கிய வண்டிகளைப் பற்றியதைத்தான் முக்கியமாக எடுத்திருக்கிறேன். இந்த வண்டிக்காரர்களில் பலர் என்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறார்கள். டிஃப் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி) எண்ணெய், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) எண்ணெய் என்றால், வண்டி வாங்கிய நாளிலிருந்து மூடியைக்கூடத் திறந்ததில்லை. பட்டறைக்கு வருகிற பழுது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி (பாலிக் புலாவ்): வணக்கம் அண்ணே. டுரியான் தோட்டத்துக்கு ஒரு பழைய ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன், எல்என்106. மழை நாளில் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கிய பிறகும், வழுக்குமே என்று ஃபோர் ஹையிலேயே (நான்கு சக்கரமும் இழுக்கிற நிலையில்) வீடுவரை வந்துவிடுவேன். இப்போது வளைவில் ஸ்டீயரிங் கனக்கிறது. லீவரை டூவுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலைக்கு)த் தள்ளினால் அசைய மாட்டேன் என்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது, ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கிற கடையில்) ஒன்று பார்த்துப் போடலாம் என்கிறார் பட்டறைப் போமன்.

பதில்: தம்பி, இப்போதைக்குக் காசை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் வண்டி பார்ட் டைம் ஃபோர் வீல். ஃபோருக்குப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் (சக்தியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகிற தண்டுகள்) ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், நடுவில் டிஃப் கிடையாது. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தாரில், அது ஈரமாக இருந்தாலும், டயருக்கு நல்ல பிடி. அதனால் அந்த முறுக்கு வெளியே போக வழியில்லாமல் ஷாஃப்ட், கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில் இருக்கிற மூட்டு), பல்சக்கரம் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும், ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்த மாதிரி. லீவர் அசையாததற்கும் இதுதான் காரணம்: உள்ளே பற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

வண்டியைப் புல் தரைக்கோ சரளைக்கோ கொண்டுபோய் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். பெரும்பாலும் 'டக்' என்று விடும். விட்டுவிட்டால் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்றுமில்லை என்று நம்பலாம். அடுத்து வண்டிக்குக் கீழே படுத்து, முன் ஷாஃப்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். தோட்டச் சேறு அடைத்து, பம்ப் அடித்தும் உள்ளே ஒன்றும் போகாத நிப்பிள்கள் நிறைய வருகின்றன. ஹாஃப்கட்டில் கிடைப்பதும் யாரோ ஒருவர் ஓட்டிய பெட்டிதான். உங்களுடையது நன்றாக இருக்கும்போது அதைக் கழற்றிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி (பிறை): லேண்ட் க்ரூசர் 80, அண்ணே. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற உருண்டையில் எண்ணெய் கசிந்து டயர்வரை தெறிக்கிறது. வெளி சீலை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வேறு.

பதில்: உங்கள் பட்டறைக்காரர் மாற்றியது அழுக்கைத் துடைக்கிற வெளி சீல். பிரச்சினை உள்ளே இருக்கிறது. அந்த உருண்டைக்குள் இருக்க வேண்டியது கெட்டியான கிரீஸ் மட்டும்தான். ஆக்ஸில் குழாயின் முனையில் இருக்கிற உள் சீல் தேய்ந்தால் டிஃப் எண்ணெய் உருண்டைக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். விரலில் கொஞ்சம் தொட்டு எடுத்துப் பாருங்கள்: கியர் எண்ணெய் நாற்றம் அடித்து, விரலில் நிற்காமல் வழிந்தால் உள் சீல்தான். அந்தத் தண்ணிக் கிரீஸிலேயே உள்ளே இருக்கிற பெர்ஃபீல்ட் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சக்தியைக் கடத்துகிற மூட்டு) ஓடுவதால்தான் இந்த 'டிக் டிக்'.

இரண்டு பக்கமும் கழற்றி, உள் சீல், பேரிங், வெளி சீல் மூன்றையும் சேர்த்து மாற்றி, மாலி (மாலிப்டினம்) கலந்த கிரீஸ் அடைக்கச் சொல்லுங்கள். பெர்ஃபீல்டில் வெடிப்பு இல்லாமல் தேய்மானம் மட்டும் இருந்தால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். முன்னால் போகும்போது சுமை தேயாத பக்கத்தில் விழும், இன்னும் பல வருஷம் ஓடும். இத்தனை செய்துவிட்டு டிஃப்பின் பிரீதரை (காற்று போய்வருகிற சிறு துவாரத்தை) மறந்துவிடாதீர்கள். அது அடைத்திருந்தால், ஓடிச் சூடான டிஃப்பில் காற்றழுத்தம் ஏறி எண்ணெயைப் புது சீல் வழியாகவும் வெளியே தள்ளும். சீல் மாற்றியும் கசிகிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

கேள்வி (சுங்கை ஆரா): 90களில் வந்த பஜெரோ. ஃபோர் வீலுக்குப் போட்டால் டேஷ்போர்டில் சக்கர விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. கியர்பாக்ஸா?

பதில்: பெரும்பாலும் ரப்பர் குழாய். முன் ஆக்ஸிலைச் சேர்க்கிற கிளச் என்ஜின் வேக்குவத்தில் (காற்றுறிஞ்சலில்) வேலை செய்கிறது. என்ஜின் சூட்டில் அந்தக் குழாய்கள் காய்ந்து வெடிக்கும், வேக்குவத்தைத் திறந்து மூடுகிற சோலினாய்டும் சிக்கும். குழாயை மாற்றிப் பாருங்கள், சில ரிங்கிட் விஷயம். ஹைலக்ஸ் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது: சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு இருக்கிற பஜெரோவில் நடு டிஃப் உண்டு, ஃபோர் ஹையில் தாரில் ஓட்டலாம். நடு டிஃப்பைப் பூட்டுகிற நிலையில் மட்டும் கூடாது.

கேள்வி (கேமரன் மலை): ஐயா, காய்கறி ஏற்றுகிற டிஃபெண்டர், 300 டிடிஐ. சில வாரமாக கியர் போடும்போது அடியில் 'டொம்' என்று இடி. நேற்று ஏற்றத்தில் நின்றவள் நகரவே இல்லை. என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

பதில்: முதலில் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். உங்கள் ஹேண்ட்பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்டை. பின் ஹாஃப் ஷாஃப்ட் (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டு) உடைந்திருந்தால் ஹேண்ட்பிரேக் இழுத்தும் வண்டி மலையில் உருளும். காய்கறிச் சுமையோடு அது உருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டை போட்ட பிறகு நடு டிஃப்பைப் பூட்டுகிற டிஃப் லாக்கைப் போட்டு, ஆளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, மெதுவாக கிளச் விடுங்கள். வண்டி நகர முயன்றால் கியர்பாக்ஸ் நல்லது. முன் ஆக்ஸிலிலோ பின் ஆக்ஸிலிலோ ஏதோ உடைந்திருக்கிறது: ஹாஃப் ஷாஃப்ட், அதைச் சக்கரத்தோடு சேர்க்கிற டிரைவ் ஃபிளாஞ்ச், அல்லது டிஃப்பே. நடு டிஃப் திறந்திருக்கும்போது சக்தி முழுவதும் உடைந்த பக்கமே ஓடிப்போகும், அதனால்தான் நின்றுவிட்டது. லாக் போட்டும் நகரவில்லை என்றால் கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைகிற இடத்தில் பற்கள் மழுங்கியிருக்கும். இந்த வண்டிகளின் பெயர்பெற்ற பலவீனம் அது. பழைய பெட்டிகளில் அந்த இடத்துக்கு எண்ணெய் சரியாகப் போகாது, உலர்ந்தே தேயும். பின்னாளில் எண்ணெய் போகத் துளையிட்ட பல்சக்கரம் வந்தது, மாற்றும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க மூடியைக் கழற்றினாலே அந்தப் பற்களைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): போன மழையில் ஜாலான் பி. ராம்லி பக்கம் தண்ணீரில் ஓட்டினேன். என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். இரவு முழுக்க வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் ஓட்டாமல் டிரெய்ன் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கியிருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். எண்ணெய் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தாலும் மாற்றுங்கள். முன் டிஃப், பின் டிஃப், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் பாருங்கள். விட்டால் பேரிங்கில் துரு புள்ளி விழும், சத்தம் வர மாதங்கள் ஆகும், அப்போது வெள்ளத்தை யாரும் நினைக்க மாட்டார்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): பழைய விட்டாராவுக்குப் பெரிய டயரும் லாக்கரும் (டிஃப்பைப் பூட்டுகிற சாமான்) போட ஆசை. எது முதலில் உடையும்?

பதில்: முன் டிஃப்பின் அலுமினிய உறை. டயரோடு நில்லுங்கள், அதுவும் ஓர் அளவோடு.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): பெரோடுவா கெம்பாராவில் இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

பதில்: நான்கையும் மாற்றுங்கள். 1998இல் வந்த அந்த வண்டி டைஹாட்சு டெரியோஸின் வழி வந்தது, நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். முன்னும் பின்னும் டயர் உயரம் வேறுபட்டால் நேர் ரோட்டிலும் நடு டிஃப் ஓயாமல் சுற்றித் தேயும். ரோட்டில் நின்றுபோனால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்க விடாதீர்கள், முழு வண்டியையும் ஏற்றுகிற லாரியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): அங்கிள், அப்பா இறந்த பிறகு அவருடைய ட்ரூப்பர் பல வருஷமாக வீட்டு ஓரத்தில் நிற்கிறது. விற்க மனமில்லை. மறுபடி ஓட்ட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, சரியாகச் செய்தால் ஓடும். சாவியைத் திருப்புமுன் எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள். டிஃப்பிலும் கியர்பாக்ஸிலும் முதலில் எண்ணெய் ஊற்றுகிற மேல் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காவிட்டால், கீழே வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. முன் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டுகிற நடுப்பகுதி) தானாகப் பூட்டுகிற ஆட்டோவாக இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். கழுவிப் புது கிரீஸ் வையுங்கள், அல்லது கையால் பூட்டுகிற ஹப்பாக மாற்றுங்கள். பிரேக்கை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றி மட்டும் ஒரு ஓட்டம். நிறுத்தியதும் நான்கு சக்கர ஹப்பையும் டிஃப் இரண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால், பெரிய ரோட்டுக்குப் போகுமுன் அதைத் திறக்க வேண்டும்.