4294967297 பகா எண்ணா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணிதப் போட்டிக்காகத் தனிப்பயிற்சிக்குப் போகிறாள். அங்கே கொடுத்த குறிப்பில் 4294967297 பகா எண் என்று இருக்கிறது. அவளும் 2, 3, 5, 7, 11 எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாள், வகுபடவில்லை. அவள் அண்ணன் எழுதிய கணினி நிரலோ இந்த எண்ணை வெறும் 1 என்று காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இது பகு எண். 641-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் 6700417 வரும்.

முதலில் அந்த 1. அண்ணன் 32 பிட் இடத்தில் எண்ணை வைத்திருப்பார். அந்த இடம் 4294967295 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் போனால் வண்டி மீட்டர் போல மறுபடி 0, 1 என்று ஆரம்பித்துவிடும். 64 பிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

குறிப்பில் உள்ள தவறு பழைய தவறு. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் ஒரே வாய்பாட்டில் வருபவை (2-ஐ முறையே 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி 1 கூட்டியவை), ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதும் அப்படியே இருக்கும் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் நம்பினார். அடுத்து வருவதுதான் உங்கள் மகளின் எண். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் 641-ஐக் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார். கிட்டத்தட்ட 300 வருடம் கழித்தும் இதை அச்சடித்துக் காசு வாங்குகிறார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சின்ன எண்களால் வகுபடவில்லை என்பதால் எதுவும் முடிவாகாது. இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை உள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆய்லர் ஒரு வழி கண்டார்: இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை கிடைத்துவிடுகிறது. இதைப் பள்ளியில் ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் வகுபடும் விதிகளை மனப்பாடம் செய்யவைத்து, நான்கு விடையில் ஒன்றை டிக் அடிக்கச் சொல்வதோடு நம் பாடத்திட்டம் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பயிற்சி மையங்கள் கடை போடுகின்றன.

அவர்கள் விற்கும் ‘ஒரு வரிச் சோதனை’யிடம் மிகவும் கவனமாக இருங்கள். 2-ஐ அந்த எண் எவ்வளவோ அத்தனை முறை பெருக்கி, அதே எண்ணால் வகுத்து, மீதி 2 வந்தால் பகா எண் என்பார்கள். 4294967297 இந்தச் சோதனையில் தேறிவிடும்! காரணம் இதுதான்: இது 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டிய எண். அதனால் 32 முறை பெருக்கினால் மீதி −1 (அதாவது முழுதாக வகுபட 1 குறைகிறது), 64 முறை பெருக்கினால் (−1)×(−1), மீதி 1. நம் எண்ணில் 1 குறைத்தால் வரும் 4294967296, 64-இன் மடங்கு. ஆகவே அத்தனை முறை பெருக்கினாலும் மீதி 1தான், இன்னும் ஒருமுறை பெருக்கினால் 2. அதாவது இந்த எண்ணுக்கு 2-ஐ வைத்துச் சோதிப்பதில் பயனே இல்லை. 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், 6700417 பகா எண்தானா என்று மகள் கேட்பாள். என் வார்த்தையை நம்ப வேண்டாம். இதன் காரணிகள் நம் பெரிய எண்ணுக்கும் காரணிகள், அதனால் அதே 64-மடங்கு விதி இதற்கும் பொருந்தும்; 641-க்கு முந்தைய நான்கும் ஏற்கெனவே தோற்றுவிட்டன. எனவே 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்ற ஏழு எண்களால் மட்டும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6700417-இன் வர்க்கமூலம் சுமார் 2588; அதற்கு மேல் போகத் தேவையில்லை. ஒரு மாலை போதும்.