கணவர் பிரெஞ்சு சிட்டிசன், எனக்கு இந்தியன் பாஸ்போர்ட், ஜெர்மனில இருக்கோம். ஸ்பெயின், டப்ளின் போக எனக்கு விசா வேணுமா?

ஸ்பெயினுக்கு வேண்டாம். டப்ளினுக்கும் அனேகமா வேண்டாம், ஆனா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி உங்க ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டை ஒருதடவை எடுத்துப் பாருங்க.

எங்க வீட்லயும் இதே செட்டப்தான், அவர் பாண்டிச்சேரி குடும்பம், பிரெஞ்சு பாஸ்போர்ட், நான் திருச்சி. இங்க ரெண்டு கார்டு இருக்கு, பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். ஜெர்மன்காரரைக் கட்டிக்கிட்டவங்களுக்கு அவ்ஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லவ்ப்னிஸ், அது ஜெர்மனியோட சொந்த சட்டம். வேற ஈயூ (ஐரோப்பிய யூனியன்) நாட்டுக்காரரைக் கட்டிக்கிட்டு இங்க வந்து இருக்கறவங்களுக்கு அவ்ஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டெ, இது 2004/38 டைரக்டிவ்படி (ஈயூ குடிமக்களும் அவங்க குடும்பமும் மத்த ஈயூ நாடுகளுக்குப் போய் வர, தங்க உரிமை தர்ற ஈயூ சட்டம்) குடுக்கறது. 2021 ஆகஸ்டுக்கு அப்புறம் வாங்கின கார்டுன்னா அந்த நம்பரும் ஆர்ட்டிகிள் 10 இல்லன்னா 20ன்னும் அதுலயே அடிச்சிருக்கும்.

ஷெங்கனுக்குள்ள (தங்களுக்குள்ள பார்டர் செக்கிங் இல்லாத ஐரோப்பிய நாடுகள், ஸ்பெயினும் இதுல சேர்த்தி) இதுல எந்தக் கார்டா இருந்தாலும் 180 நாள்ல 90 நாள் சுத்தலாம், பிரச்சனையே இல்ல. டப்ளின் இருக்கற அயர்லாந்து ஷெங்கன்ல இல்ல, அங்க அவ்ஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டெ இருந்தாத்தான் விசா இல்லாம விடுவாங்க. வேடிக்கை என்னன்னா பக்கத்து வீட்ல ஜெர்மன்காரரைக் கட்டின நம்ம ஊர்ப் பொண்ணு டப்ளினுக்கு விசா எடுக்கணும் (ஃபீஸ் கிடையாது, அலைச்சல் உண்டு), உங்களுக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, டப்ளினுக்குக் கணவர் கூட வரணும், இல்ல முன்னாடியே அங்க போயிருந்து நீங்க போய்ச் சேரணும். ஃபிரண்ட்ஸோட தனியா ட்ரிப்புன்னா இந்தச் சலுகை இல்ல.

உண்மையான தலைவலி இமிக்ரேஷன் இல்லங்க, செக்-இன் கவுன்டர்தான். அந்தப் பொண்ணு இந்தியன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "விசா?"ன்னு கேக்கும், கார்டை நீட்டினா முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்துட்டு யாருக்கோ ஃபோன் போடும், பின்னாடி க்யூல நிக்கறவங்க எல்லாம் நம்மளையே முறைப்பாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, தப்பான ஆளை ஏத்தினா ஃபைன் ஏர்லைனுக்குத்தான். 2017ல லண்டன்ல இருந்து புடாபெஸ்ட் போன ஒரு யுக்ரேன்காரர் கையில பிரிட்டன் குடுத்த பெர்மனன்ட் கார்டு (மேல சொன்ன ஆர்ட்டிகிள் 20 கார்டு) இருந்துச்சு, விசா இல்ல, ஹங்கேரி போலீஸ் உள்ள விடாம, அவரை ஏத்தின ரயன்ஏர் ஏர்லைனுக்கு 3000 யூரோ ஃபைன் போட்டாங்க, கேஸ் லக்சம்பர்க்ல இருக்கற ஈயூ கோர்ட் வரைக்கும் போயி 2020 ஜூன்லதான் விசா தேவையில்லன்னு தீர்ப்பு வந்துச்சு. அதனால மேரேஜ் சர்டிஃபிகேட் ஒரிஜினல், மொழிபெயர்ப்பு ரெண்டையும் ஹேண்ட்பேக்ல வைங்க, ஆன்லைன் செக்-இன் பண்ணியிருந்தாலும் கவுன்டருக்கு சீக்கிரமே போயிடுங்க.

கமென்ட்ல ஒருத்தர் சென்னைல இருந்துக்கிட்டு பிரெஞ்சு கணவரோட இத்தாலி போகணும்னு கேட்டிருந்தாங்க. கார்டு இல்லன்னா விசா எடுத்தே ஆகணும், ஆனா அந்த 90 யூரோ ஃபீஸ் கட்ட வேண்டாம், ஃபார்ம்ல நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை (என்ன வேலை, செலவு யாரு பாக்கறாங்க மாதிரி) நிரப்பவும் வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா டைரக்டிவைச் சொல்லி மரியாதையா மறுக்கலாம். பிரான்ஸுக்கே போறதுன்னா இது செல்லாது, சொந்த நாட்டுக்குள்ள அவருக்கு அந்த டைரக்டிவ் பொருந்தாது, பிரெஞ்சு சட்டம்தான்.

டப்ளின்ல கார் எடுத்துட்டு பெல்ஃபாஸ்ட் போற ஐடியா இருந்தா அது யூகே. பார்டர்ல யாரும் நிறுத்த மாட்டாங்கதான், ஆனா பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் இந்தக் கார்டு அங்க செல்லாது, யூகே விசா தனியா எடுத்துக்கோங்க.