ஹாட்-வயர் காட்டுவதில் காற்று எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு?

கேள்வி: எங்கள் காற்றுச் சுரங்கத்தின் கொந்தளிப்பு (சராசரி வேகத்தில் ஏற்ற இறக்கத்தின் பங்கு) 0.1 சதவீதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஹாட்-வயர் (காற்று குளிர்விப்பதை வைத்து வேகத்தை அளக்கும் சூடான மெல்லிய கம்பி) 0.14 காட்டுகிறது. சுரங்கத்தில் கோளாறா?

சுரங்கத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள். மின் இரைச்சலுக்கும் காற்றின் ஏற்ற இறக்கத்துக்கும் உறவில்லை. அதனால் இரண்டின் வர்க்கங்களும் கூடிக்கொள்ளும். நிஜம் 0.1, இரைச்சலும் 0.1 என்றால் அளவு 0.14 ஆகிவிடும். இதே இரைச்சல் 10 சதவீதக் கொந்தளிப்பில் சேர்ந்தால் 10.0005தான்; கண்ணிலேயே படாது. அமைதியான காற்றை அளப்பவருக்குத்தான் இந்தத் தலைவலி.

கேள்வி: காற்றை நிறுத்திவிட்டு இரைச்சலை மட்டும் அளந்து கழித்துவிடலாமா?

பலரும் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கம்பியின் வோல்டேஜையும் காற்றின் வேகத்தையும் இணைத்து 1914-இல் இயற்பியலாளர் கிங் தந்த விதிப்படி, வேகம் கூடக் கூட வோல்டேஜ் ஏறுவது மந்தமாகும். ஆகவே அதே ஒரு மில்லிவோல்ட் இரைச்சல், வேகமான காற்றில் இன்னும் பெரிய வேக மாற்றமாகக் கணக்கில் ஏறும். போதாததற்கு, காற்று நின்றிருக்கும்போது 5 மைக்ரான் டங்ஸ்டன் கம்பியின் சூடே தன்னைச் சுற்றி ஒரு சின்ன மேல்நோக்கிய ஓட்டத்தைக் கிளப்பிவிடும்.

இரண்டு கம்பிகளை அருகருகே வைத்து, இரண்டு சிக்னலுக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுப்பது மேல். ஒவ்வொரு கம்பியின் மின் இரைச்சலும் தனித்தனி என்பதால் சராசரியில் கரைந்துபோகும். இடைவெளியைவிடச் சிறிய சுழல்களும் கூடவே போய்விடும், அதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்ற வரைபடம்) இறங்கிக்கொண்டே வந்து, வால் பகுதியில் திரும்ப ஏறுகிறது. புதிய சுழல்களா?

இல்லை. கம்பியின் வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கும் பின்னூட்டச் சுற்றின் இரைச்சல் அது. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கொந்தளிப்போ அந்தப் பக்கம் வேகமாகச் சரியும். இரண்டும் சந்திக்கும் இடத்துக்குக் கீழேயே லோ-பாஸ் ஃபில்டரால் (தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டி) வெட்டிவிடுங்கள். ஃபில்டர் டிஜிட்டலாக மாற்றுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். நொடிக்கு 20,000 சாம்பிள் எடுத்தால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் கீழே மடிந்து வந்து உட்காரும்; அப்புறம் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஆற்றல் சிதைவு வீதம் (கொந்தளிப்பின் ஆற்றல் வெப்பமாக மாறும் வேகம்) கணக்கிடுபவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கே உயர் அதிர்வெண்ணுக்கு இன்னொரு வர்க்க மடங்கு எடை கொடுக்கிறது.

கேள்வி: 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக?

கரண்ட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எர்த் செய்யுங்கள், விசிறி மோட்டாரின் கேபிளிலிருந்து சிக்னல் கேபிளைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: விசிறியின் சத்தம்கூடக் கம்பிக்குக் கேட்குமா?

கேட்கும். 100 டெசிபல் ஒலியில் காற்று நொடிக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது. நொடிக்கு 10 மீட்டர் ஓட்டத்தில் அது 0.05 சதவீதம். இது நிஜமான அசைவு, இரண்டு கம்பியிலும் ஒன்றாகவே விழும். அருகருகே வைக்கும் தந்திரம் இங்கே பலிக்காது. கம்பிகளை ஓட்டத்துக்குக் குறுக்காக நன்றாக விலக்கி வையுங்கள். கொந்தளிப்பின் ஒற்றுமை போய்விடும். அப்போதும் மிஞ்சும் ஒற்றுமை பெரும்பாலும் சத்தத்தினுடையது, அதைக் கழிக்கலாம்.