அம்புக்குறியில் என்ன வம்பு?

லினக்ஸ் கெர்னலில் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் இருக்கும் டிஆர்எம் பகுதியைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: ஒரு சின்ன டிஸ்ப்ளே டிரைவருக்கு பேட்ச் (கோடு மாற்றம்) அனுப்பினேன். டிஆர்எம்மின் பொது ஸ்ட்ரக்ட்டான (தரவுகளின் தொகுப்பு) டிஆர்எம்_டிவைஸின் பாயின்டரிலிருந்து, அதாவது அதன் நினைவக முகவரியிலிருந்து, டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்ட்டுக்குப் போக நேரடியாக காஸ்ட் போட்டு வகையை மாற்றியிருந்தேன். உறுப்பின் முகவரியிலிருந்து அதை உள்ளடக்கிய ஸ்ட்ரக்ட்டைக் கண்டுபிடிக்கும் கன்டெய்னர்_ஆஃப் வைத்து ஒரு இன்லைன் ஃபங்ஷன் எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். இரண்டுக்கும் வருவது ஒரே மெஷின் கோடுதானே, எதற்கு இந்தப் பிடிவாதம்?

பதில்: ஒரே கோடுதான், உங்கள் ஸ்ட்ரக்ட்டில் டிஆர்எம்_டிவைஸ் முதல் உறுப்பாக இருக்கும்வரை. நாளைக்கு ஒருவர் அதற்கு மேலே ஒரு லாக் உறுப்பைச் சேர்த்தால் உங்கள் காஸ்ட் தப்பான முகவரியைத்தான் காட்டும், கம்பைலரும் வாயைத் திறக்காது, ஏனென்றால் காஸ்ட் என்பதே "நீ பேசாதே, எனக்குத் தெரியும்" என்று அதனிடம் சொல்வதுதான். கன்டெய்னர்_ஆஃப் உறுப்பு எத்தனை பைட் தள்ளியிருக்கிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளும், சம்பந்தமில்லாத வகை பாயின்டரைக் கொடுத்தால் கம்பைல் ஆகவே விடாது.

சரி, அதை ஏன் ஃபங்ஷனுக்குள் ஒளிக்க வேண்டும்? ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப்களுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரைப் பாருங்கள். முன்பு அதில் டிஆர்எம் டிவைஸ் தனியாக ஒதுக்கப்பட்டு, அதற்கு ஒரு பாயின்டர் மட்டும் டிரைவரின் ஸ்ட்ரக்ட்டில் இருந்தது; எதிர்த்திசையில் போக டெவ்_பிரைவேட் என்ற வாய்ட் (வகை சொல்லாத) பாயின்டர். வாய்ட் பாயின்டரை எந்த வகையில் வாங்கினாலும் சி மொழி ஏற்றுக்கொள்ளும் என்பதால் அந்த டெவ்_பிரைவேட்டை இப்போது டிஆர்எம் ஆவணமே தவிர்க்கச் சொல்கிறது. 2020-இல் இதை மாற்றியபோது அவர்கள் போன வழி நன்றாக இருந்தது. முதலில் அங்கங்கே சிதறிக் கிடந்த நேரடி அணுகல்களையெல்லாம் அடெவ்_டு_டிஆர்எம், டிஆர்எம்_டு_அடெவ் என்ற இரண்டு குட்டி ஃபங்ஷன்களுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள், நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை. அப்புறம்தான் டிவைஸை ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே பதித்தார்கள். அப்போது அந்த இரண்டு ஃபங்ஷன்களின் உடலை மாற்றினால் போதும், மீதி டிரைவருக்கு உள்ளமைப்பு மாறியதே தெரிய வேண்டியதில்லை. உங்களிடம் கேட்டது இந்த வசதியைத்தான். ஒரு வரி ஃபங்ஷன், எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிளேனின் (திரையில் வரும் ஒரு பட அடுக்கு) ஸ்டேட்டை சி மொழியின் அம்புக்குறி (->) போட்டு நேராக எடுத்தால் ஒரு வரியில் முடிகிறது. அட்டாமிக் ஸ்டேட்டிடம் (ஒரே தடவையில் செய்ய வேண்டிய திரை மாற்றங்களின் தொகுப்பு) 'புதிய பிளேன் ஸ்டேட்டைக் கொடு' என்று கேட்கும் நீளமான ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டுமாம். இதுவும் ஸ்டைல்தானா?

பதில்: இல்லை, இது பிழை. ரிவியூவில் இரண்டும் ஒரே தொனியில் வருவதால் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். செக் கட்டத்தில், அதாவது மாற்றம் சாத்தியமா என்று சோதிக்கும்போது, நீங்கள் சொல்லும் அந்த அம்புக்குறி பழைய ஸ்டேட்டைக் காட்டும். ஸ்டேட்டுகளை இடம் மாற்றிய பிறகு, மாற்றத்தை ஹார்டுவேரில் அமலாக்கும் கமிட் கட்டத்தில், அதே வரி புதிய ஸ்டேட்டைக் காட்டும். ஒரே வரிக்கு இரண்டு அர்த்தம் என்றால், ஒரு ஹெல்ப்பரை இரண்டு கட்டத்திலிருந்தும் கூப்பிடும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். பழையதா புதியதா என்பதைப் பெயரிலேயே சொல்லும் ஃபங்ஷன் நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும். 2021-இல் பிளேனின் செக், அப்டேட் கால்பேக்குகளுக்கு (டிஆர்எம் கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்கள்) முழு அட்டாமிக் ஸ்டேட்டையும் கொடுக்கும்படி மாற்றியிருக்கிறார்கள், ஆகவே கையில் அது இல்லை என்ற சாக்கும் செல்லாது.

கேள்வி: இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 டிரைவரில் ஒரு பிழையைத் திருத்தும்போது, அதே ஃபைலில் டெவ்_பிரிவ் என்று இருந்த மாறிப் பெயரையெல்லாம் ஐ915 என்று மாற்றி அழகாக்கினேன். பாராட்டுவார்கள் என்று பார்த்தால், பிரித்து அனுப்பு என்கிறார்கள்.

பதில்: நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிழைத் திருத்தம் பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் (திருத்தங்களை மட்டும் பெறும் வெளியீடுகள்) போக வேண்டியிருக்கும். மூன்று வரித் திருத்தத்தோடு நாற்பது வரிப் பெயர் மாற்றம் ஒட்டிக்கொண்டால் அங்கே பொருந்தாது. முதல் பேட்ச் திருத்தம், இரண்டாவது பெயர் மாற்றம். பெயர் மாற்றம் பெரிதென்றால் கையால் செய்யாமல் கோடைத் தானாக மாற்றும் காக்சிநெல் கருவிக்கு விதி எழுதி ஓட்டுங்கள், அந்த விதியையும் பேட்ச்சின் கமிட் குறிப்பில் போடுங்கள். ரிவியூ செய்பவர் நாற்பது வரியைப் படிப்பதற்குப் பதில் ஐந்து வரி விதியைப் படிப்பார்.

இன்னொன்று, நீங்கள் போட்ட புதிய பெயருக்கும் ஆயுள் குறைவு. ஐ915-இன் டிஸ்ப்ளே கோடை இன்டெலின் இன்னொரு டிரைவரான எக்ஸ்இயும் பங்கிட்டுக்கொள்கிறது. அந்த கோடு முழுக்க ஐ915-இன் பிரதான ஸ்ட்ரக்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததால், எக்ஸ்இக்காக கம்பைல் செய்யும்போது அந்த ஸ்ட்ரக்ட்டின் பெயரையே மேக்ரோவால் மாற்றி ஏமாற்ற வேண்டியிருந்தது! ஓடியது, ஆனால் பார்க்கச் சகிக்காது. 2024 முதல் இன்டெல்_டிஸ்ப்ளே என்ற தனி ஸ்ட்ரக்ட்டின் வழியாக அணுகும்படி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வந்திருக்கிறார்கள். டிஸ்ப்ளே ஃபைல் என்றால் இரண்டாவது பேட்ச்சை அந்தத் திசையில் எழுதுங்கள்.

கேள்வி: ஹார்டுவேர் ரெஜிஸ்டரின் பிட்களுக்கு சி மொழியின் பிட்ஃபீல்ட் ஸ்ட்ரக்ட் (உறுப்புகளுக்கு பிட் கணக்கில் இடம் ஒதுக்குவது) போடலாமா?

பதில்: வேண்டாம். பிட்கள் எந்த வரிசையில் அமரும் என்பதை சி தரநிலை கம்பைலரிடம் விட்டுவிட்டது, உங்கள் ஹார்டுவேருக்கு அது தெரியாது. வேண்டிய பிட்களை மட்டும் எழுதவும் படிக்கவும் கெர்னலில் இருக்கும் ஜென்மாஸ்க், ஃபீல்ட்_பிரெப், ஃபீல்ட்_கெட் மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள்.