விண்டோஸ் 11 மடிக்கணினியில் 10.0 என்று வருகிறதே?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் பழைய மடிக்கணினி வாங்கினேன். விண்டோஸ் 11 போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் மகன் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “10.0 என்றுதான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள் சித்தப்பா” என்கிறான். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

— வாசகர், திருமங்கலம்

பதில்: இதை மட்டும் வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விண்டோஸ் 11-க்கும் மைக்ரோசாஃப்ட் உள்ளே வைத்திருக்கும் எண் 10.0தான். விண்டோஸ் 7-க்கு அது 6.1, 8.1-க்கு 6.3. விற்கும் பெயர் வேறு, உள் எண் வேறு.

நீங்கள் பார்க்க வேண்டியது அடுத்து வரும் ஐந்து இலக்க எண்ணை. தேடல் பெட்டியில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். திறக்கும் கறுப்புத் திரையில் வி, இ, ஆர் என்று தட்டி என்டரை அழுத்துங்கள். 10.0-க்குப் பின் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. 22631 என்றால் 23எச்2 பதிப்பு, 26100 என்றால் 24எச்2. 19045 என்று வந்தால்தான் தம்பி சொன்னது சரி. அது விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. படிக்கிற பிள்ளைக்கு அதை 11 என்று சொல்லி விற்றிருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

எண் சரியாக இருந்தாலும் இன்னும் இரண்டைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து, உரிமம் செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வத் தகுதி உண்டு. அதற்கு முந்தைய கணினிகளிலும் தகுதிச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றிவிட முடியும். ஆனால் அவற்றுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது. பழைய மடிக்கணினிச் சந்தையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். 10.0 அல்ல.

பில் வாங்கினீர்களா? நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே கேளுங்கள். மாடல், பிராசசர், விண்டோஸ் பதிப்பு மூன்றும் அதில் இருக்கட்டும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பேசித் தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.