கணிதக் கேள்வி பதில்: கோவையைச் சுருக்கும்போது குறி மாறுவது ஏன்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் 7ப − 2(ப − 3) என்ற கோவையைச் சுருக்கி 5ப − 6 என்று எழுதுகிறான். விடை 5ப + 6 என்று திருத்தினால், அதையும் கூட்டி 11ப என்று முடித்துவிடுகிறான். விதிகளைத் தடையின்றி ஒப்பிக்கிறான். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: விதியை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எதற்காக என்று விளக்கப்படாததே பெரும்பாலும் இந்தத் தவற்றுக்குக் காரணம். ஆகவே குறி விதியைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, ப என்பது 10 எனக் கொண்டு கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது 7; எனவே 70இலிருந்து இரண்டு ஏழுகளை, அதாவது 14ஐக் கழிக்க வேண்டும். அடைப்பை நீக்கும்போது நாம் முதலில் 2ப, அதாவது 20ஐக் கழித்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் 3 வீதம் கூடுதலாக எடுத்துவிட்ட அந்த 6ஐத் திரும்பச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும் என்பதால் +6 வருகிறது. சரியான மதிப்பு 56. அவன் எழுதிய 5ப − 6 தருவதோ 44.

இனி 11ப. ஓர் எண்ணின் ஐந்து மடங்கோடு 6ஐச் சேர்ப்பதும் அதே எண்ணின் பதினொரு மடங்கும் பொதுவாகச் சமமாக இருக்க முடியாது. ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டலாம் என்பதன் பொருள் இதுதான். (12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர், தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என நிறப் பெயர்களை இட்டு, ஒரே இனத்தவற்றையே கூட்ட வேண்டும், வேறினத்தவற்றைத் தனியே வைக்க வேண்டும் என்றார்.) 'ப என்றால் மாம்பழம்' என்று சொல்லித்தருவதை நான் ஏற்பதில்லை, ப ஓர் எண் என்பது மறந்துபோனால், பின்னர் ப × ப வரும்போது பிள்ளை திகைத்து நிற்பான்.

விடையைச் சரிபார்க்க 1ஐப் பயன்படுத்த வேண்டாம். ப = 1 எனில் 5ப + 6, 11ப இரண்டுமே 11 ஆகிவிடும். 3ப + 2ப = 5ப² என்ற தவறோ 0, 1 இரண்டிலும் பிடிபடாது. 10 போன்ற ஓர் எண்ணை எடுத்து, கடைசி விடையில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு வரியிலும் இடச் சொல்லுங்கள். முதல் வரி 56 தரும். 7ப − 2ப − 6 என்ற அடுத்த வரி 44 தரும்போது, தவறு எந்த வரியில் நுழைந்தது என்பதை அவனே கண்டுபிடித்துவிடுவான்.