வாழைக்குலையில் எத்தனை காய்?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. நூறு வரை தடையின்றி ஒப்பிக்கிறாள். ‘எத்தனை இருக்கும்?’ என்று கேட்டால் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்துங்கள் அம்மா. வீட்டுக்கு மட்டி வாழைக்குலை வந்ததும், முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சீப்பை மட்டும் எண்ணட்டும். ஏறக்குறைய 10 காய் என்றால் 10, 20, 30 என்று சீப்பு சீப்பாகத் தாவிப் போவாள். நுனிச் சீப்புகளில் காய் குறையும். அதைப் பார்த்து அவளே ஊகத்தைக் குறைத்தால் கட்டி அணைத்துக்கொள்ளுங்கள், கணக்கு வந்துவிட்டது! விடை தவறினாலும் திருத்த அவசரப்படாதீர்கள், ‘எப்படி நினைத்தாய்?’ என்று கேளுங்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் வரிசை ஒழுங்கைப் பழக்கத் தோவாளைச் சந்தைப் பூ போதும்: இரண்டு பிச்சி, ஒரு கனகாம்பரம், இரண்டு பிச்சி... அடுத்ததை அவள் எடுக்கட்டும்.